கேட்காமல் தருவதும் நிரூபித்தால் தருவதும்

எழுபது வயதைத் தாண்டிய, கணவரை இழந்த ஒரு கிராமத்துப் பெண்மணிக்குத் தமிழ்நாட்டில் அரசின் உதவி இரண்டு வழிகளில் வருகிறது. முதல் வழி ரேஷன் கடை. அங்கே குடும்ப அட்டையைக் கொடுத்தால் அரிசி விலையில்லாமல் கிடைக்கும். நீங்கள் ஏழையா, மகன் எங்கே வேலை செய்கிறான், வீட்டில் எத்தனை சிலிண்டர் என்று கடைக்காரர் கேட்பதில்லை. கேட்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. இரண்டாவது வழி, ஊர்ப் பேச்சில் ‘ஓஏபி பணம்’ எனப்படும் முதியோர் உதவித்தொகை. இதைப் பெற, தனக்கு யாரும் இல்லை, எதுவும் இல்லை என்பதை அவர் நிரூபித்தாக வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை தர வேண்டும், வருவாய் ஆய்வாளர் விசாரிக்க வேண்டும், தனி வட்டாட்சியர் கையெழுத்திட வேண்டும். மனு மேசை மேசையாக நகர்வதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. அரசு ஒன்றுதான், பெண்மணியும் ஒருவர்தான், வறுமையும் மாறவில்லை. நடத்தும் விதம்தான் வேறாக இருக்கிறது.

அடிப்படைத் தேவைக்கான உதவியை எல்லோருக்கும் தருவதா, ஏழை என்று கண்டறிந்தவர்களுக்கு மட்டும் தருவதா என்ற விவாதம் உலகம் முழுக்க அரை நூற்றாண்டுக்கு மேலாக நடக்கிறது. ‘உள்ளவனுக்கு எதற்கு இலவசம்?’ என்ற கேள்வி கேட்கும்போது நியாயமாகவே படுகிறது. ஆனால் அந்தக் கேள்வியின் பேரில் நடந்ததையெல்லாம் வரிசையாக எடுத்துப் பார்த்தால் வேறு முடிவுக்குத்தான் வர முடிகிறது. ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட உதவி, காலப்போக்கில் ஏழைகளுக்கே போதாமல் தேய்ந்துபோகிறது. அதை அரிசியாகவோ பருப்பாகவோ தராமல் ரூபாயில் தந்தால் இன்னும் வேகமாகத் தேய்கிறது. தமிழ்நாடு, இலங்கை, புதுச்சேரி மூன்றிலும் நடந்தவை இதைத்தான் காட்டுகின்றன.

ஒரு படியிலிருந்து இருபது கிலோ வரை

இந்தியாவின் ரேஷன் முறை இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பங்கீட்டிலிருந்து வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அது பெரும்பாலும் நகரத்து ஏற்பாடாகவே இருந்தது. 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்ட ஊர் தஞ்சாவூர். அந்த ஆண்டுகளின் அரிசித் தட்டுப்பாடுதான் தமிழ்நாட்டின் ஆட்சியை மாற்றியது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார் அண்ணா. ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி தரப்பட்டது. நிதி இடம் கொடுக்காததால் அது மாநிலம் முழுதும் பரவவில்லை. ஆனால் அரிசிக்கு அரசு பொறுப்பு என்ற எண்ணம் அன்று மக்கள் மனதில் ஊன்றிவிட்டது. அதன் பிறகு வந்த எந்த ஆட்சியாலும் அதைப் பிடுங்க முடியவில்லை.

வாக்குறுதியை நிறைவேற்ற ஓர் அமைப்பு தேவைப்பட்டது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. டெல்டாவின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல் வாங்குவது, ஆலைகளில் அரைத்து வாங்குவது, கிடங்குகளில் இருப்பு வைப்பது, கடைகளுக்கு அனுப்புவது எல்லாம் அதன் வேலை. கடைகளில் மிகப் பெரும்பான்மையைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. இந்த ஏற்பாட்டின் அருமை வட இந்தியாவோடு ஒப்பிடும்போதுதான் விளங்கும். அங்கே பல மாநிலங்களில் ரேஷன் கடை என்பது உரிமம் பெற்ற தனியார் வியாபாரியின் கடை. அரசு தரும் தரகுப் பணத்தில் அவருக்குக் கட்டுப்படியாகாது. வெளிச்சந்தையில் மூட்டையைத் தள்ளிவிட்டால் நல்ல இலாபம். திருட்டுக்கான காரணம் அந்த அமைப்பிலேயே இருந்தது. சத்தீஸ்கர் மாநிலம் 2004க்குப் பிறகு தனியாரிடமிருந்து கடைகளை எடுத்து ஊராட்சிகளிடமும் கூட்டுறவு அமைப்புகளிடமும் மகளிர் குழுக்களிடமும் கொடுத்த பிறகுதான் அங்கே நிலைமை மாறத் தொடங்கியது.

1997 ஜூனில் மத்திய அரசு ஒரு கோடு போட்டது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒரு விலை, மேலே இருப்பவர்களுக்கு வேறு விலை. மேலே இருப்பவர்களுக்கான விலை சில ஆண்டுகளில் வெளிச்சந்தை விலையை நெருங்கியதால் அவர்கள் கடைக்கு வருவதையே நிறுத்தினார்கள். மத்திய அரசின் கணக்கில் இது சிக்கனம். தமிழ்நாடு அந்தக் கோட்டைத் தன் கடைகளுக்குள் விடவில்லை. கூடுதல் செலவைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டு எல்லா அரிசி அட்டைகளுக்கும் ஒரே விலையில் கொடுத்தது. 2006இல் கிலோ 2 ரூபாய், 2008 செப்டம்பர் 15 முதல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையே இல்லை. இடையில் 2007இல் துவரம் பருப்பும் பாமாயிலும் சேர்ந்தன. இரண்டு ரூபாய் என்றவரே பிறகு ஒரு ரூபாய் என்றார், அடுத்து வந்தவர் இலவசம் என்றார். இதை வாக்கு வேட்டை என்று ஏளனம் செய்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. வாக்குக்காக அரசியல்வாதிகள் ஏழையின் சோற்றைக் கூட்டிக்கொண்டே போனார்கள் என்றால், ஜனநாயகம் அந்த ஒரு விஷயத்திலாவது ஒழுங்காக வேலை செய்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமங்களில் 75 விழுக்காட்டினரையும் நகரங்களில் 50 விழுக்காட்டினரையும் உள்ளடக்கியது. அது நாட்டுச் சராசரி. தமிழ்நாட்டின் பங்காக வந்தது மக்கள் தொகையில் பாதியளவுதான். 2016 நவம்பரில் சட்டத்தில் சேர்ந்தபோதும் மாநிலம் மீதிப் பாதியைக் கைவிடவில்லை. இன்று முன்னுரிமை அட்டைக்கு ஆளுக்கு 5 கிலோ. அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. முன்னுரிமையற்ற அட்டைக்கு அதிகபட்சம் 20 கிலோ. அட்டையின் கீழே அச்சிட்ட குறியீட்டைப் பார்த்தால்தான் யார் எந்த வகை என்று தெரியும். வரிசையில் நிற்கும்போது தெரியாது. இந்தத் தெரியாமையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஏழையைத் தேடிய கதை

கோடு போட்ட மாநிலங்களில் என்ன நடந்தது? ஏழைகளைக் கண்டறிய 2002இல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. நிலம், வீடு, உடை, எத்தனை வேளை உணவு, கடன் என 13 குறியீடுகளுக்கு மதிப்பெண் போட்டார்கள். கேட்பவர் ஊர்க்காரர், பதில் எழுதுபவரும் ஊர்க்காரர். செல்வாக்குள்ளவரின் பெயர் பட்டியலில் ஏறுவதற்கும் ஒதுக்குப்புறத்தில் குடியிருப்பவரின் பெயர் விடுபடுவதற்கும் இதைவிடத் தோதான ஏற்பாடு தேவையில்லை. 2004-05ஆம் ஆண்டின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்புத் தரவுகளின்படி, கிராமப்புற ஏழைக் குடும்பங்களில் ஏறத்தாழப் பாதியிடம் வறுமைக்கோட்டு அட்டையே இல்லை. 2005இல் வெளிவந்த திட்டக் குழுவின் சொந்த மதிப்பீடு, மானிய தானியத்தில் 58 விழுக்காடு உரிய குடும்பங்களைச் சேரவில்லை என்றது. ஏழைகளுக்கு மட்டும் என்று தொடங்கிய திட்டம் ஏழைகளில் பாதிப் பேரை வெளியே விட்டது; உள்ளே இருந்த பாதிக்கும் முழுதாகப் போய்ச் சேரவில்லை.

கோடு எங்கே போடப்பட்டது என்பதும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. 2011 செப்டம்பரில் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த உறுதிமொழிப் பத்திரத்தில், நகரத்தில் நாளுக்கு 32 ரூபாயும் கிராமத்தில் 26 ரூபாயும் செலவழிப்பவர் வறுமைக்கோட்டைத் தாண்டியவர் என்றது. நாடே கொந்தளித்தது. 33 ரூபாய் செலவழித்து வாழ்ந்த ஒருவருக்கு அரசு அரிசி தேவைப்படாது என்று எழுத ஒரு அலுவலகத்துக்குக் கை வந்ததே என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு கொதிக்கிறது.

பொருளியலாளர்கள் ஜோவான்னி ஆந்த்ரேயா கோர்னியாவும் பிரான்சிஸ் ஸ்டூவர்ட்டும் 1993இலேயே, ஏழைகளை மட்டும் தேர்ந்தெடுத்து உதவுவதில் இரண்டு பிழைகள் உண்டு என்று பிரித்துக் காட்டினார்கள். தகுதியில்லாதவருக்குப் போவது ஒரு பிழை. தகுதியுள்ளவருக்குப் போகாமல் இருப்பது இன்னொன்று. அரசுகள் முதல் பிழையைப் பற்றித்தான் ஓயாமல் கவலைப்படும், ஏனென்றால் அது தணிக்கை அறிக்கையில் ரூபாயாகத் தெரியும். இரண்டாவது பிழை ஒரு வீட்டுக்குள் ஒருவேளைச் சாப்பாடு குறைவதாக முடிந்துவிடும். எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஒன்றை இறுக்கினால் மற்றது பெருகும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். எந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்வது என்பது கணக்கால் தீர்க்கக்கூடியதல்ல. மனசாட்சியால் தீர்க்க வேண்டியது. வசதியான பத்துப் பேர் அரிசி வாங்கிவிட்டுப் போகட்டும், பசித்த ஒருவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பது என் கட்சி.

எல்லோருக்கும் தருவதால் இன்னொரு நன்மையும் விளைந்தது. கடையில் அரிசி மோசமாக இருந்தாலோ, எடை குறைந்தாலோ, சரக்கு வராவிட்டாலோ தமிழ்நாட்டில் கேள்வி கேட்க ஆள் உண்டு. பள்ளி ஆசிரியரும் மளிகைக்காரரும் ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளரும் அதே கடையில் அட்டை வைத்திருக்கிறார்கள். அவர்கள் போடும் சத்தம் சத்தம் போட முடியாதவருக்கும் சேர்த்துத்தான். ழான் த்ரேஸும் அமர்த்தியா சென்னும் இந்தியாவைப் பற்றித் தாங்கள் 2013இல் வெளியிட்ட நூலில் தமிழ்நாட்டைத் தனியாக எடுத்துப் பேசியதற்கு இந்த அனைவருக்குமான தன்மை ஒரு முக்கியக் காரணம். சுவீடனின் சமூகவியலாளர்கள் வால்டர் கோர்பியும் ஜோகிம் பால்மேயும் 1998இல் பணக்கார நாடுகளை ஆராய்ந்து இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்: உதவியை ஏழைகளுக்கு மட்டும் என்று எந்த அளவுக்குக் குறுக்குகிறோமோ அந்த அளவுக்கு ஏழ்மை குறைவது கடினமாகிறது, காரணம், அந்த உதவிக்கு ஒதுக்கப்படும் பணமே சுருங்கிவிடுகிறது.

பள்ளிச் சத்துணவிலும் இதே நிலைதான். 1956இல் காமராஜர் காலத்தில் விரிந்து, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக்கி, 2022இல் காலை உணவும் சேர்ந்த அந்த ஏற்பாட்டில், தட்டோடு உட்காரும் குழந்தையிடம் அப்பாவின் வருமானச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை.

கொழும்பில் நடந்தது

எல்லோருக்கும் கொடுத்ததைச் சிலருக்கு மட்டும் என்று மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் போலத் தெளிவான சான்று வேறில்லை. தமிழ்நாட்டில் இந்தக் கதையை அறிந்தவர்கள் குறைவு என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1942இல், போர்க்காலத்தில், இலங்கையில் எல்லோருக்குமான அரிசிப் பங்கீடு தொடங்கியது. போர் முடிந்த பிறகும் அது தொடர்ந்தது. 1953இல் டட்லி சேனாநாயக்கவின் அரசு, செலவைக் குறைக்கவென்று ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 12ஆம் தேதி நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூட வேண்டியதாயிற்று. அக்டோபரில் பிரதமர் பதவி விலகினார். அரிசியில் கை வைத்தால் நாற்காலி போகும் என்ற பயம் அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு எல்லாக் கட்சிகளுக்கும் இருந்தது.

1977இல் பெரும்பான்மையோடு வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசு வேறு வழியில் போனது. அடுத்த ஆண்டே, மாத வருமானம் 300 ரூபாய்க்குக் குறைவான குடும்பங்களுக்கு மட்டும் பங்கீடு என்று சுருக்கியது. நாட்டின் ஏறக்குறைய பாதிப் பேர் வெளியே போனார்கள். 1979இல் அரிசியையும் நிறுத்திவிட்டு, ரூபாய் மதிப்பு அச்சிட்ட உணவு முத்திரைகளைக் கொடுத்தது. விலைவாசி ஏறியது, முத்திரையின் மதிப்பு ஏறவில்லை. சில ஆண்டுகளில் அதைக் கொண்டு வாங்கக்கூடிய அரிசியின் அளவு பெருமளவு சுருங்கிப்போனது. 1953இல் விலையைக் கூட்டியபோது தெருவில் இறங்கிய நாடு, இந்த முறை இறங்கவில்லை. முத்திரை வைத்திருந்தவர்கள் ஏழைகள் மட்டுமே. கணக்கரும் ஆசிரியரும் கடைக்காரரும் அதற்கு முன்பே பட்டியலுக்கு வெளியே போயிருந்தார்கள்; அவர்களுக்கு இதில் இழக்க ஒன்றுமில்லை. முதலில் ஆட்களைப் பிரித்து, பிறகு கிலோவை ரூபாயாக மாற்றி, பிறகு விலைவாசியிடம் விட்டுவிட்டார்கள். ஹர்த்தாலுக்கு இடமே இல்லாமல் வெட்டு விழுந்தது.

அதன் பிறகு 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி என்று பெயர்கள் மாறின. சமுர்த்திப் பட்டியலில் அரசியல் சிபாரிசு புகுந்தது பற்றிய புகார்கள் ஓயவே இல்லை. மலையகத் தோட்டத் தொழிலாளர்கள், மாதச் சம்பளம் வாங்குபவர்கள் என்ற காரணம் காட்டப்பட்டு நீண்டகாலம் பெரும்பாலும் வெளியிலேயே நிறுத்தப்பட்டார்கள். நாட்டிலேயே ஊட்டம் குன்றிய குழந்தைகள் அதிகமுள்ள லயங்கள் எனும் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, சம்பளச் சீட்டு இருப்பதாலேயே உதவி இல்லை. 2022இன் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு, 2023 ஜூலையில் ‘அஸ்வெசும’ வந்தது. 22 குறியீடுகளால் மதிப்பெண் போட்டு, குடும்பங்களை நான்கு படிநிலைகளாகப் பிரித்து, மாதம் 2,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய் வரை தந்தார்கள். பட்டியல் வெளியானதும் பிரதேச செயலகங்களின் முன்னால் கூட்டம் திரண்டது. இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. நாடே திவாலாகி, நடுத்தரக் குடும்பங்களும் ஒருவேளைச் சாப்பாட்டைக் குறைத்த நேரத்தில், யார் எந்த அளவு ஏழை என்று மதிப்பெண் போடுவதில் ஓர் அரசு இயந்திரம் முழுதாக ஈடுபட்டிருந்தது.

புதுச்சேரிப் பாடம்

அரிசிக்குப் பதில் பணம் தந்தால் கிடங்கு, லாரி, கடை எதுவும் வேண்டாம். மக்கள் விரும்பியதை வாங்கிக்கொள்ளலாம் என்ற வாதம் 2010களில் வலுத்தது. 2015 செப்டம்பரில் அதைச் சோதிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒன்றியப் பகுதிகளில் புதுச்சேரியும் ஒன்று. அரிசி நின்றது, வங்கிக் கணக்கில் பணம் வந்தது. புதுச்சேரி அரசு தன் பங்காகத் தந்த இலவச அரிசியையும் பணமாகத்தான் தர வேண்டும் என்று துணைநிலை ஆளுநர் பிடிவாதம் பிடிக்க, முதலமைச்சர் மறுக்க, வழக்கு நீதிமன்றம் வரை போனது. ரேஷன் கடைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக்கிடந்தன. ஊழியர்கள் சம்பளமின்றித் தவித்தார்கள். எல்லை தாண்டிக் கடலூரிலும் விழுப்புரத்திலும் அரிசி மூட்டையாக வந்துகொண்டிருந்தபோது, புதுச்சேரிப் பெண்கள் கணக்கில் பணம் ஏறியதா என்று வங்கி வாசலில் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2024 தீபாவளியை ஒட்டித்தான் கடைகள் மீண்டும் திறந்தன.

2011இல் ரீத்திகா கேரா ஒன்பது மாநிலங்களில் நடத்திய ஆய்வு இதை முன்பே உணர்த்தியிருந்தது. ரேஷன் கடை ஒழுங்காக நடக்கும் மாநிலங்களில் பெரும்பாலானோர் தானியமே வேண்டும் என்றார்கள். கடை சீர்கெட்டிருந்த பீகாரில்தான் பணத்தை விரும்பியவர்கள் அதிகம். விலை ஏறினால் பணம் பத்தாது, பணம் வந்தால் வீட்டுக்காரர் வேறு செலவு செய்துவிடுவார், வங்கி வெகு தூரம் என்று பெண்கள் சொன்ன காரணங்கள் எந்தப் பொருளியல் நூலுக்கும் குறையாத தெளிவு கொண்டவை. இருபது கிலோ என்று எழுதிய உரிமை, சந்தையில் அரிசி 30 ரூபாய் விற்றாலும் 70 ரூபாய் விற்றாலும் இருபது கிலோவாகவே இருக்கும்.

எதிர்வாதங்களுக்கு என் பதில்

தமிழ்நாட்டு முறையில் ஓட்டை இல்லை என்று சொல்ல மாட்டேன். ரேஷன் அரிசி கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் ஆந்திரத்துக்கும் கடத்தப்படுவதும், பிடிபடுவதும் வாரந்தோறும் செய்தித்தாளில் வருகிறது. வாங்கிய அரிசியைக் கிலோ சில ரூபாய்க்கு விற்றுவிடும் வீடுகளும் உண்டு. ஆனால் 2004-05இல் நாடு முழுவதும் ரேஷன் தானியத்தில் பாதிக்கு மேல் காணாமல் போன காலத்தில், மிகக் குறைவாகக் கசிந்த மாநிலங்களில் தமிழ்நாடு இருந்தது. கோடு போட்டுக் காவல் காத்த இடங்களில்தான் களவு மிகுதியாக இருந்தது.

வசதியானவர்களை விலக்க இங்கே விசாரணையே தேவைப்படவில்லை. ரேஷன் புழுங்கல் அரிசியைச் சோறாக்கிச் சாப்பிட விரும்பாதவர் வரிசைக்கு வருவதில்லை; அரிசிக்குப் பதில் கூடுதல் சர்க்கரை வாங்கும் அட்டையும், எந்தப் பொருளும் வேண்டாம் என்ற அட்டையும் தனியாக உண்டு. விரும்புபவர் தாமாக மாற்றிக்கொள்ளலாம். 2021 மே மாதம் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணமும் இப்படித்தான். சாதாரண நகரப் பேருந்துக்கு மட்டும் அது பொருந்தும் என்பதால், கார் வைத்திருப்பவரைத் தடுக்க ஒரு படிவமும் வேண்டியிருக்கவில்லை. ஒருவரை ஏழை என்று முத்திரை குத்தாமலே உதவி ஏழையைச் சேரும் இத்தகைய வழிகளைத்தான் திட்டம் வகுப்பவர்கள் தேட வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, 2023-24 நிதிநிலை அறிக்கையில் உணவு மானியத்துக்குத் தமிழ்நாடு ஒதுக்கியது 10,500 கோடி ரூபாய். பெரிய தொகைதான். அதே ஏற்பாடு கொரோனா காலத்தில் என்ன செய்தது என்பதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். 2021இல் அரிசி அட்டை ஒன்றுக்கு 4,000 ரூபாய் நிவாரணம் இரண்டு தவணைகளாகத் தரப்பட்டபோது, இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குச் சில வாரங்களில் பணம் போய்ச் சேர்ந்தது. பட்டியல் தயாரிக்க வேண்டியிருக்கவில்லை. வேலை இழந்து புதிதாக ஏழையானவரும் பட்டியலில் ஏற்கெனவே இருந்தார். வறுமை நிலையான ஓர் அடையாளம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு மருத்துவமனைச் செலவு, ஒரு விபத்து, ஒரு மழைக்காலம் போதும், நேற்று கோட்டுக்கு மேலே இருந்த குடும்பம் இன்று கீழே வர. கணக்கெடுப்பாளர் மீண்டும் வர பத்து ஆண்டுகள் ஆகும்.

என்னை உண்மையில் யோசிக்க வைக்கும் எதிர்வாதம் வேறொன்று. எல்லோருக்கும் என்ற திட்டத்திலும் கடைசிப் படியில் இருப்பவர் விடுபட்டுப்போகிறார். முகவரிச் சான்று இல்லாத இருளர் குடும்பம், பாலத்தடியில் தூங்குபவர், கணவரைப் பிரிந்து வந்தும் பெயர் இன்னும் அவர் அட்டையிலேயே இருப்பதால் புதிய அட்டை எடுக்க முடியாத பெண் ஆகியோருக்குத் திறந்த கடையும் மூடிய கடைதான். கேரளம் 2021இல் ஊர்க்கூட்டங்கள் வழியாக 64,006 மிக வறிய குடும்பங்களைக் கண்டறிந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்திட்டம் வகுத்து, வீடும் மருந்தும் ஆவணமும் ஏற்பாடு செய்தது. அதன் முடிவு பற்றி அங்கே விவாதம் உண்டு. ஆனாலும் அந்தத் தேடல் சரியான திசையில் நடந்த தேடல். எல்லோருக்கும் பொதுவானதைக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் யாருக்குக் கூடுதலாக வேண்டும் என்று அரசே வீடு தேடிப் போனது. விலக்குவதற்காகத் தேடுவதும் சேர்ப்பதற்காகத் தேடுவதும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் 2025 ஆகஸ்டில் தொடங்கிய, முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ரேஷன் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

கைரேகைக் கருவி பற்றியும் ஒரு வார்த்தை. 2017இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்காததால் அட்டை நீக்கப்பட்டு, மாதக்கணக்கில் அரிசி வராததால் நேர்ந்த பட்டினிச் சாவு என்று குடும்பத்தினர் சொன்னார்கள். நோயால் என்றது அரசு. அந்த வீட்டுக்கு அரிசி வரவில்லை என்பதில் மட்டும் சந்தேகமில்லை. நாற்று நட்டும் பாத்திரம் துலக்கியும் தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை என்றால் அது விரலின் குற்றமல்ல. ரேகை விழாத அன்று கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுத்தனுப்புவதே எல்லாக் கடையிலும் மாறா விதியாக இருக்க வேண்டும்.

உரிமைத்தொகையும் ஓய்வூதியமும்

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் இந்த விவாதத்தின் நடுவில் நிற்கிறது. விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 1.63 கோடி; தொடக்கத்தில் தேர்வானவர்கள் 1.06 கோடி. ஆண்டு வருமானம் 2.5 இலட்சத்துக்குள், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் மின்சாரம், கார் இருக்கக் கூடாது என்று நிபந்தனைகள். பின்னர் மேல்முறையீட்டிலும் விரிவாக்கத்திலும் இலட்சக்கணக்கானோர் சேர்க்கப்பட்டார்கள். மறுக்கப்பட்டவர்களில் இத்தனை பேர் பிறகு தகுதி பெற்றார்கள் என்றால், முதல் சல்லடையின் தரத்தை என்னவென்று சொல்வது? ஆனாலும் இதில் நல்லதொரு அம்சம் உண்டு. நிபந்தனைகளில் பல, அரசு தன்னிடமுள்ள மின் கணக்கிலும் வாகனப் பதிவிலும் தானே சரிபார்த்துக்கொள்ளக்கூடியவை. ஒருவர் தான் ஏழை என்று நிரூபிப்பதைவிட, அவர் வசதியானவர் என்று அரசு நிரூபிப்பது எளிது, நாகரிகமும் கூட. பயனாளிகள் கோடிக்கு மேல் இருப்பதால் இதை நிறுத்தவும் எவருக்கும் துணிவு வராது. ஆனால் தொகை மாதம் ஆயிரம் என்று ரூபாயில் இருக்கிறது. கொழும்பின் உணவு முத்திரைக்கு நேர்ந்தது இந்த ஆயிரத்துக்கும் நேரும், விலைவாசியோடு சேர்த்து உயர்த்துவது விதியாக எழுதப்படாவிட்டால்.

முதியோர் ஓய்வூதியம்தான் இந்தக் கதையின் மிக மெலிந்த உறுப்பு. தமிழ்நாட்டில் அது 1962இலேயே, மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. நாட்டில் மிக முன்னதாகத் தொடங்கிய மாநிலங்களில் ஒன்று என்ற பெருமை நமக்கு உண்டு. ஆனால் அன்று முதல் அது ‘ஆதரவற்றவருக்கு’ என்ற சொல்லோடுதான் வந்தது. மகன் இருந்தால் ஆதரவற்றவர் ஆவாரா என்ற கேள்வியால் நிராகரிக்கப்பட்ட மனுக்கள் ஏராளம்; மகன் சோறு போடுகிறானா என்று கேட்க எந்த விதியும் இல்லை. 2011இல் 1,000 ரூபாயான தொகை, 1,200 ஆக 2023 வரை காத்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் 200 ரூபாய் உயர்வு! அதே பன்னிரண்டு ஆண்டுகளில் எல்லோருக்குமான அரிசி ஒரு கிலோகூடக் குறைக்கப்படவில்லை என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம்மைவிட ஏழை நாடான நேபாளம் 1990களின் நடுவிலேயே, 75 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஓய்வூதியம் என்று தொடங்கி, பிறகு வயது வரம்பைக் கீழே கொண்டுவந்தது. வருமானம் கேட்கவில்லை, மகனைக் கேட்கவில்லை. வயதை மட்டும் கேட்டது. தமிழ்நாடு அதைச் செய்ய முடியாத மாநிலமல்ல. வருமான வரி செலுத்துபவரையும் அரசு ஓய்வூதியம் பெறுபவரையும் மட்டும் விலக்கிவிட்டு, மற்ற எல்லா முதியவர்களுக்கும் கேள்வியின்றி ஓய்வூதியம் தர வேண்டும். தொகையை ஆண்டுதோறும் அகவிலைப்படியோடு சேர்த்து உயர்த்த வேண்டும். மறுக்கும் அலுவலர் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இதை மாநில அரசிடம் கேட்பது போலவே தில்லியிடமும் கேட்க வேண்டும். அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரையுள்ள ஏழை முதியவர் ஒருவருக்குத் தேசிய சமூக உதவித் திட்டத்தின் கீழ் மத்திய அரசு தரும் மாதப் பங்கு, 2007இல் இருந்த அதே 200 ரூபாய்தான்.